சிவப்பு முதலையின் பாட்டு

சனிக்கிழமை, பிற்பகல் 3:10. கொலம்பியாவின் பர்ரான்கியா நகரில், ரெபோலோ பேட்டையில், டான் அர்னுல்ஃபோவின் எதிராளியுடைய ஒலிபெருக்கியிலிருந்து 'சிவப்பு முதலை'யின் பாட்டு கேட்டது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் மத்தளம் வெட்டினாற்போல் நின்றது. உடனே முதலிலிருந்து தொடங்கியது.

பத்தொன்பது வருடமாக வேறு யாரிடமும் இல்லாத பாட்டு. கப்பல்காரன் ஒருவன் கொண்டுவந்த ஆப்பிரிக்க இசைத்தட்டு. யாரும் பெயரைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று டான் அர்னுல்ஃபோ லேபிளை அன்றே சுரண்டிவிட்டார். வீட்டு உயரத்துக்கு வண்ணம் தீட்டிய தெருநடன ஒலிபெருக்கி அடுக்கு, அவருடைய 'சிவப்பு முதலை' பிக்கோ, அந்தப் பாட்டால்தான் மற்ற பிக்கோக்களுக்கு நடுவே தலைநிமிர்ந்து நின்றது. ஜனவரியில் தட்டு உடைந்தது. மிஞ்சியது பழைய கணினியில் பதிந்திருந்த ஒரே கோப்பு. அதையும் புது லேப்டாப்பின் பாட்டு நூலகம் ஏற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

கோப்பின் வடிவத்தை மாற்றிக் கொடுத்தவள் கம்ப்யூட்டர் கடை டூனியா. வியாழக்கிழமை முதல் பிரதியை டானின் மகன் ரோவின்சன் பென்டிரைவில் வாங்கிப் போனான். பிக்கோவில் பாட்டுப் போடுபவன் அவன்தான். மறுநாள் டூனியா, அந்தப் பிரதி குறைப்பட்டிருப்பது தெரிந்து, தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டு, திரும்ப மாற்றி, டானின் லேப்டாப்பில் தன் கையாலேயே ஏற்றினாள்.

கோப்பைத் தொட்ட வெளியாள் அவள் மட்டும்தான்; இப்போது பழி அவள் தலையில்.

"ஆறு மணிக்கு மைக்குல திருடன் பேரைச் சொல்லப்போறேன்," என்றார் டான். "அதுக்குள்ள நீயே ஒத்துக்க, மகளே."

மைக்கில் சொன்னால் பேட்டை முழுக்கக் கேட்கும். இனி ஒரு பிக்கோக்காரனும் அவள் கடைப் படி ஏறமாட்டான். நாலு வீடு தள்ளிப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அப்பாவின் காதிலும் விழும். டூனியாவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

4:25. நாயிபேயிடம் ஓடினாள். இருபது வருடமாக பிக்கோ ஆட்டங்களின் ஓரத்தில் அரேபா என்ற சோளமாவு அடை பொரித்து விற்பவள் நாயிபே. கை எண்ணெயில் இருந்தாலும் காது எப்போதும் பாட்டில்தான் இருக்கும்.

"அக்கா, நான் எடுக்கல. நம்புங்க."

"அழுதா கேஸ் முடியுமா? மூக்கைத் துடை. நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லு."

கேட்டு முடித்ததும் நாயிபே அடுப்பை அணைத்தாள். டூனியா அறிந்து ஆட்ட நாளில் அவள் அடுப்பை அணைத்ததே இல்லை.

5:40. பிக்கோவின் முன்னால் நாலு பேர்.

"டான், உங்க பாட்டு எப்படி முடியும்?" என்று கேட்டாள் நாயிபே.

"மத்தளம் நிக்கும். அப்புறம் பாடின பொம்பள சிரிப்பா. வீட்டுல தனியா கேக்கும்போது அதுக்காகவே காத்திருப்பேன்."

"டூனியா?"

"சிரிப்புதான் அக்கா. முதல்ல மாத்தினப்போ அந்த மூணு விநாடி விழுந்துபோச்சு. அதனாலதான் திரும்ப மாத்தினேன்."

"ரோவின்சன், நீ சொல்லு."

"மத்தளத்தோட முடியும். நூறு தடவை போட்டவன்கிட்ட கேக்குறீங்களா?"

"நூறு தடவையும் பாதியில வெட்டி அடுத்த பாட்டுக்குத் தாவினவன்தானே நீ? பாட்டுப் போடுறவன் எவன்டா முடிவு வரைக்கும் கேட்டிருக்கான்? அதனாலதான் உன் பிரதி மொட்டைன்னு உனக்கும் தெரியல, வாங்கினவனுக்கும் தெரியல. இன்னிக்கு அவன் உங்கப்பாவைச் சீண்டணும்னு கடைசி வரைக்கும் ஓடவிட்டான். மூணு தடவையும் கேட்டேன். சிரிப்பு வரல."

டான் மகனைப் பார்த்தார்.

"டூனியா திருடியிருந்தா முழுசையே கொடுத்திருப்பா," என்றாள் நாயிபே. "மொட்டைப் பிரதி இருந்தது ஒரே ஒருத்தன் பையில."

ரோவின்சன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "பாட்டோட அவங்க பிக்கோவுக்குப் போனா என் இஷ்டத்துக்குப் பாட்டுப் போடலாம்னாங்க. இங்க பதினோரு வருஷமா உங்க விரலாத்தானே இருக்கேன், அப்பா."

டானின் முகம் வெளிறிப்போயிற்று.

6:00. டான் மைக்கை எடுத்தார்.

"அப்பா, வேணாம். பாட்டு காணாமப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"டான், பரவாயில்ல," என்றாள் டூனியாவும்.

"சும்மா இரு மகளே. மூணு மணிலேருந்து பேட்டை உன் பேரைத்தான் மெல்லுது. உங்கப்பாவும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருப்பாரு."

சுவிட்சைப் போட்டார். தெருவில் பேச்சு நின்றது. அவர் தன் மகனின் முழுப்பெயரைச் சொன்னார்.