ஞாயிற்றுக்கிழமை வரிசை

1979, ஐப்பசி மாதம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறேகால் மணிக்குத் தங்கத்தாய் தன் கணவன் நல்லக்கண்ணுவைச் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி வாசலில் குதிரை வண்டியிலிருந்து இறக்கினாள்.

அவனுக்கு வலி தொடங்கியது நாலரை மணிக்கு. நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்றான். இடது கை மரத்துப்போனது. மழைக்காற்றிலும் சட்டை நனைய வேர்த்தது. அவள் அப்போதே வண்டி பிடிக்க எழுந்தாள். அவனுடைய அண்ணன் மூக்காண்டிதான் மறித்தார்.

"கறிச்சோத்த வரிஞ்சு கட்டித் தின்னா வாயு பிடிக்காம என்னலே செய்யும்? சோடாவக் குடி. நீ விடுத ஏப்பத்துல தெருவே எந்திரிச்சிரும்."

நல்லக்கண்ணு சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மூக்காண்டி அவளைத் தனியே கூப்பிட்டு, இப்போது ராகு காலம், இந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் படியிறங்கினால் ஆள் வீடு திரும்ப மாட்டான், ஆறு அடிக்கட்டும் என்றார். அவளும் உட்கார்ந்தாள். புருஷன் முனகுவதைக் கேட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு பல்பு மங்கலாக எரிந்தது. மூக்காண்டி தம்பியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியிலேயே அமர்ந்தார். காய்ச்சலுக்கு வரும்போதெல்லாம் முதலில் சீட்டு வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம். சீட்டு ஜன்னலுக்கு முன்னால், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய கம்பித் தடுப்புக்குள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஓடிப்போய்க் கடைசியில் நின்றாள்.

வரிசை நகரவில்லை.

பினாயில் நெடிக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. புளித்த மாவு வாடை. முன்னால் நின்ற பெண்ணின் முதுகெல்லாம் வெந்திருந்தது. அதன்மேல் அப்பிய இட்லி மாவு காய்ந்து வெடித்திருந்தது. அவளுக்கும் முன்னால் ஒரு ஆள். முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டிய கால், கறுத்துப் பானைபோல் வீங்கியிருந்தது.

யாரும் முனகவில்லை. யாரும் இருமவில்லை.

தங்கத்தாய் அந்த ஆளிடம், தன் புருஷனுக்கு நெஞ்சு வலி, கொஞ்சம் வழி விடுங்கள் என்று கெஞ்சினாள்.

"எனக்குப் பாம்புக் கடி," என்றான் அவன், திரும்பாமலே. "மொதல்ல போயி மந்திரிச்சோம். வேர் அரச்சுக் குடிச்சோம். பெறகுதான் இங்கன வந்தோம். நான் எவனையாவது முந்துனனா?"

"எப்ப வந்திய அண்ணாச்சி?"

"சித்திரையில."

இது ஐப்பசி. வெளியேறத் திரும்பினாள்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

அவள் வந்தபோது அவள்தான் கடைசி. இப்போது தடுப்பின் வாய்வரை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் நெஞ்சளவுக் கம்பி. கம்பியைப் பிடித்தாள், ஈரத்துணிபோல் ஒரு கை வந்து அவள் கைமேல் படிந்தது.

"வரிசையில நில்லு தாயி," என்று காதருகே கிசுகிசுத்தது ஒரு குரல். "எல்லாரும் காத்துத்தான கெடக்கோம்."

படியில் நல்லக்கண்ணுவின் தலை அண்ணன் தோளில் சாய்வது அவளுக்குத் தெரிந்தது. பத்தடி தூரம். கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. முன்னாலிருந்த முதுகு ஒரு அடி பின்னுக்கு வந்தது. பின்னாலிருந்து ஒரு மார்பு அழுத்தியது. மாவு வாடை அவள் மூச்சுக்குள் புகுந்தது.

அந்தக் கையைப் பல்லால் கடித்தாள்.

வாயில் மண் நறநறத்தது. அதன் பிறகுதான் குரல் பீறிட்டது.

பக்கவாட்டுக் கதவு திறந்து டார்ச் வெளிச்சம் பாய்ந்தது. நர்ஸ் மஹ்பூபா ஓடிவந்தாள். கம்பிக்குள் தங்கத்தாய் மட்டும் தனியே நின்றுகொண்டிருந்தாள். சீட்டு ஜன்னல் பூட்டியிருந்தது.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஏதும்மா சீட்டு?" என்றாள் மஹ்பூபா. "நெஞ்சு வலி, பாம்புக் கடி, தீப்புண்ணு, இதுக்கெல்லாம் வரிசையே கெடையாது. நேரா அந்த அவசர வாசலுக்கு வந்து கதவத் தட்டணும். ராத்திரி பகல் எப்பவும் ஆள் இருக்கோம்லா."

ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டு போனார்கள். டாக்டர் ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார், நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஏழு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு, வலி எப்போது வந்தது என்று கேட்டார். நாலரைக்கு என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, துணியை இழுத்து நல்லக்கண்ணுவின் முகத்தை மூடினார். மூக்காண்டி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

உடலைக் கொண்டுபோக அவர் வண்டி பார்க்கக் கிளம்பினார். தங்கத்தாய் வராந்தாவுக்கு வந்தாள்.

கம்பித் தடுப்புக்குள் வரிசை நின்றது.

கடைசி ஆள் இடது கையைப் பிடித்தபடி நின்றான். அந்தப் பிடரியை அவளுக்குத் தெரியும். பதினோரு வருடம் பார்த்த பிடரி.

அவன் திரும்பவில்லை. தோளில் கிடந்த துண்டை மெதுவாக எடுத்தான். புளியங்குடி பஸ்ஸில் கூட்டத்துக்கு முன்னே ஏறி அவளுக்கு இடம் பிடிப்பானே, அதேபோல் உதறி, தனக்குப் பின்னால் காலியாக இருந்த தரையில் விரித்துப் போட்டான்.