துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில்

"மூஞ்சியே இல்லாத ஆளை எதுக்குடி திருப்பி ஃபாலோ பண்ணணும்?"

"மூஞ்சி இருந்தா மட்டும் என்ன, மாப்பிள்ளையா பாக்கப் போற? நம்ம படம் ஒண்ணு விடாம லைக் போட்டிருக்கு, பாவம். பதிலுக்கு ஒரு தட்டு தட்டினா விரல் தேஞ்சா போயிடும்?"

"யாரு எவருன்னு தெரிய வேண்டாமா?"

"அக்கா, நீ ஒருத்தருக்குச் சரின்னு சொல்றதுக்குள்ள அவங்களுக்குப் பேரன் பொறந்துடும்."

அக்கா குண்டூசிகளை மறுபடி உதட்டில் கவ்விக்கொண்டு, தையல் இயந்திரத்தின் விளக்குக்குக் கீழே குனிந்துகொண்டாள். வெட்டும் மேசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கை நாக்கைத் துருத்திக் காட்டினாள். அவளை அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாலு என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த ஏழாவது மாடி வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அக்கா திரைச்சீலை தைப்பாள். வாலு வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, தைத்ததை மாட்டி, படம் எடுத்துச் செல்போனில் தங்கள் கடைப் பக்கத்தில் போடுவாள். யாரைத் திருப்பி ஃபாலோ செய்வது என்பதை மட்டும் அக்கா தன் கையில் வைத்திருந்தாள். திருப்பி ஃபாலோ செய்வது வாசலில் நிற்பவரை உள்ளே வாருங்கள் என்று கூப்பிடுவது மாதிரி என்பது அவள் எண்ணம். அம்மா போன பிறகு வாலுவுக்கு எல்லாமாக இருந்தவள் அவள். அவளுக்கும் இந்த உலகத்தில் வாலு ஒருத்திதான். அதனால் யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"சரி, நீயே பாத்துச் சொல்லு, மகாராணி." வாலு செல்போனை மேசையில் வைத்துவிட்டு, மூலையில் மடித்திருந்த கரும்பச்சை வெல்வெட் திரையை இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கினாள். பல் டாக்டரம்மா இரண்டாவது தடவையாகச் சொல்லித் தைத்தது அது. ஆனால் அவர் வாங்க வரவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை. "ஊருக்கெல்லாம் தைக்கிறோம், நம்ம ஹால் ஜன்னல் மொட்டையா நிக்குது. இன்னிக்கு இதை மாட்டிடறேன். அந்தம்மா வந்து கேட்டா கழட்டிக் கொடுத்துக்கலாம்."

"ஸ்டூல் ஆடும், பாத்து ஏறு."

"விழுந்தா உன் மேலதான் விழுவேன்."

ஹாலில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கம்பி வளையத்தில் விழும் சின்னச் சின்ன ஓசை, அதோடு வாலு வாய்க்குள் முனகும் ஏதோ ஒரு பாட்டு. சாயங்கால மழை கண்ணாடியில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்கப் புதுத் துணியின் வாசனையும் இயந்திர எண்ணெயின் வாசனையும் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கிளம்பிய சூட்டின் வாசனையும் கலந்து, எப்போதும் போல, தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. அக்கா ஓரத்தை மடித்து முடித்தாள். குண்டூசிகளைத் துப்பிவிட்டுச் செல்போனை எடுத்தாள்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வட்டம். கீழே நிறையப் படங்கள். எல்லாமே துணி. மேலிருந்து கீழே விழும் மடிப்புகள், வெளுத்த வெளிச்சத்தில், மிக அருகில் வைத்து எடுத்தவை. யாரோ போட்டிக் கடைக்காரர் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் கடைக்காரர் யாரும் திரையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடமாட்டார்.

பின்பக்கம்தான். பூவும் கொடியும் இல்லாத, வெறும் உள்துணி வைத்துத் தைத்த பக்கம். அவள் ஒரு படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். கீழ் ஓரத்தின் மூலையில் மஞ்சளில் வெள்ளைப் பொட்டு வைத்த ஒரு குட்டிப் பை தெரிந்தது.

அவள் கை நின்றுவிட்டது.

திரை காற்றில் பறக்காமல் நேராகத் தொங்குவதற்கு ஒவ்வொரு மூலையிலும் சின்ன ஈயக் குண்டு வைப்பாள். குண்டைப் போட்டுத் தைக்கும் பைக்கு எந்தத் துண்டு கையில் கிடைக்கிறதோ அதை எடுப்பாள். அந்த மஞ்சள் பொட்டுத் துணி வாலுவின் பழைய பாவாடை. அதைப் பேங்க் மேனேஜர் வீட்டுத் திரைக்கு வைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அடுத்த படத்தில் நீலக் கோடு போட்ட பை. அதுவும் அவள் தைத்தது. அதற்கடுத்ததும். எல்லாமே அவள் தைத்த திரைகள். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றால்தான் இப்படிப் படம் எடுக்க முடியும். அந்த இடத்தில் ஒரு கை வைக்கலாம். ஆள் நிற்க முடியாது.

ஒவ்வொரு படத்திலும் ஓரமாக ஒரு இடைவெளி இருந்தது. அதன் வழியே அறையின் ஒரு கீற்று. தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிடும் ஒரு ஆள். வாய் திறந்து தூங்கும் ஒரு பெண். வீட்டுப்பாடம் எழுதும் குழந்தையின் முதுகு. யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் புள்ளியை யார் யார் ஃபாலோ செய்கிறார்கள் என்று பார்த்தாள். சிலர்தான். பேங்க் மேனேஜர். நிலாவும் நட்சத்திரமும் போட்ட துணிதான் வேண்டும் என்று அடம்பிடித்த சின்னப் பெண். பல் டாக்டரம்மா. பார்த்தவரை எல்லாரும் அவர்களிடம் திரை வாங்கியவர்கள். புள்ளி அவர்களை ஃபாலோ செய்தது. அவர்களும் அதைத் திருப்பி ஃபாலோ செய்திருக்கிறார்கள்.

பல் டாக்டரம்மாவின் பக்கத்தைத் திறந்தாள். கீழே, பழைய படங்களில், ஒரு நாய்க்குட்டி, கடற்கரை, வெள்ளைக் கோட்டு போட்ட சிரிப்பு. மேலே வர வர, துணி. துணி மட்டும். உள்பக்கத்திலிருந்து. சின்னப் பெண்ணின் பக்கத்திலும் அதேதான். அந்தப் படங்கள் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் எடுத்தவை, குழந்தையின் கண் இருக்கும் உயரத்தில்.

பேங்க் மேனேஜரின் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினாள். மடிப்புகளுக்கு நடுவே அவர் வீட்டுக் கூடம். சோபாவில் அவர் மனைவி அழுது வீங்கிய முகத்தோடு, அவருடைய புகைப்படத்தைக் கையில் நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார். எதிர் நாற்காலியில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர். புருஷனைக் காணவில்லை என்று மனைவி புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார். புருஷன் திரைக்குப் பின்னால் நின்று அதைப் படம் எடுத்திருக்கிறார்.

"வாலு, இதைத் தொட்டுடாதே!" என்று கத்தினாள். "ஃபாலோ பண்ணிடாதேடி!"

ஹால் பக்கம் காதைத் தீட்டினாள்.

அப்போதுதான் கவனித்தாள். கொக்கி விழும் ஓசை இல்லை. பாட்டு இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

புள்ளியின் பக்கத்துக்குத் திரும்பினாள். மேலே ஃபாலோ பட்டன். அதன் நிறம் மாறியிருந்தது. வாலு ஏற்கெனவே அழுத்தியிருந்தாள். சிரித்துக்கொண்டே, செல்போனை மேசையில் வைப்பதற்கு முன்னாலேயே.

பட்டனை மறுபடி அழுத்தினாள். நிறம் மாறவில்லை. அழுத்தினாள். மாறவில்லை.

செல்போன் கையில் ஒருமுறை அதிர்ந்தது. அவர்களுடைய பக்கத்தில் ஒரு புதுப் படம். அவள் போடவில்லை. செல்போன் அவள் கையில்தான் இருக்கிறது.

கரும்பச்சை வெல்வெட்டின் உள்துணி. மடிப்புகள். இடைவெளி. அதன் வழியே ஹால், ஹாலைத் தாண்டித் திறந்த கதவு, கதவுக்குள் தையல் விளக்கு. விளக்குக்குக் கீழே, செல்போனைப் பார்த்துக் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு.

திரும்பினாள்.

ஹாலில் விளக்குப் போடவில்லை. திரை முழுசாக மாட்டியிருந்தது, தரை வரை. இந்த ஜன்னலுக்கே அளந்து தைத்தது போலக் கச்சிதமாக. படத்தில் இருந்த இடைவெளி இப்போது இல்லை. நடுவில் யாரோ இறுகப் பிடித்து மூடியது போல இருந்தது.

ஸ்டூல் அப்படியே நின்றது. அதன் மேல் இரண்டு உள்ளங்கால்களின் வியர்வைத் தடம். அவள் பார்க்கப் பார்க்க அது மங்கிக்கொண்டே போனது.

"அக்கா."

வாலுவின் குரல்தான். துணிக்குப் பின்னாலிருந்து. அங்கே ஜன்னல் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஏழு மாடிப் பள்ளம்.

"வாலு? விளையாடாதேடி. வெளியே வா."

"வர முடியலக்கா. இருட்டா இருக்கு. எல்லாரும் நெருக்கித் தள்றாங்க."

அவள் ஓடினாள். ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் திரையின் ஓரத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

துணியில் ஒரு இடம் உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. மறுபடி குழிந்தது. வாய் இருக்கும் உயரத்தில்.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் மேலே, நெட்டையான ஆளின் உயரத்தில், ஒன்று. கீழே, அவள் இடுப்பளவில், சின்னதாக ஒன்று. ஜன்னலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. எல்லாம் சேர்ந்து மூச்சு விட்டன.

நீட்டிய கை நின்றது.

எது வாலு? இதில் எது என் வாலு?

எல்லாம் ஒரே நேரத்தில் குழிந்தன. எல்லாவற்றிலிருந்தும் ஒரே குரல் வந்தது. தங்கையின் குரல். காய்ச்சல் வந்தால் தண்ணீர் கேட்பாளே, அந்தக் குரல்.

"அக்கா, இதைக் கொஞ்சம் விலக்கி விடேன்."