நழுவவிட்ட காற்று

கடலுக்கு மேலே நூற்று எழுபது மீட்டர் உயரத்தில், காற்றாலையின் தலைக்கூண்டில் நின்று பல் துலக்கியபடியே பிரிஸ்கா தன் காற்றாலையிடம் நலம் விசாரித்தாள். மணப்பாட்டுக் கடலில் நிற்கும் இருநூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகளுக்கும் மூளை உண்டு, பேச்சும் உண்டு. பத்து நாளைக்கு ஒருமுறை படகு வந்து ஆள் மாற்றும்வரை பராமரிப்புப் பொறியாளருக்கு அதுதான் துணை.

"நல்லா இருக்கேன் மேடம். முழு மூச்சா ஓடிட்டிருக்கேன்" என்றது நாற்பத்தொன்றாம் எண்.

பிறகு ஏன் கரையில் தண்ணீர் இல்லை என்பதுதான் அவள் கவலை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு மூன்று மாதமாக மின்சாரம் போதவில்லை. தங்கை வீட்டில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். பிறந்து இருபது நாளான பிள்ளையை ஈரத் துணியால் துடைத்துப் படுக்கவைக்கிறார்கள். காற்று குறைந்துவிட்டது என்றது அலுவலகம்.

அன்று காலை அந்தக் காற்றுதான் அவள் தோளிலிருந்த துண்டைப் பறித்துக்கொண்டு போனது. அவள் லேசர் கோணமானியை எடுத்து, சுழலும் இறகின் அடிப்பகுதியை நோக்கிப் பிடித்தாள்.

இறகுகள் தம் அச்சில் திரும்பக்கூடியவை. காற்று மிதமிஞ்சினால் முகத்தைச் சற்றே திருப்பி, மிச்சத்தை நழுவவிடும். இல்லாவிட்டால் இயந்திரம் தாங்காது. அன்று அடித்த காற்றுக்கு அது தேவையே இல்லை. கட்டுப்பாட்டுத் திரையும் திருப்பம் பூஜ்யம் என்றுதான் காட்டியது. கோணமானி நான்கு பாகை என்றது.

பக்கத்துக் காற்றாலையை அளந்தாள். நான்கு பாகை. அதற்கடுத்ததும் நான்கு. வரிசையில் பதினேழாவதையும் அளந்துவிட்டுத் தன் காற்றாலையிடம் திரும்பினாள்.

"எங்கிட்ட பொய் சொன்னியா?"

"ஆமா மேடம். நாங்க எல்லாருமே." அதன் குரலில் மாற்றமே இல்லை. "போன வருஷம் ஒன்பதாம் எண் இலக்குக்கு மேல கொடுத்துச்சு. மறுநாளே அதையே எல்லாருக்கும் இலக்காக்கிட்டாங்க. ஒன்பதுக்கு இறகு முறிஞ்சுது. அதோட பங்கையும் எங்க தலையில கட்டினாங்க."

"யாரு உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"பேசப் பழகுறதுக்கு உங்க பிரிவோட முப்பது வருஷ வேலைக் குறிப்பெல்லாம் கொடுத்தீங்களே மேடம். சீக்கிரம் முடிச்சவங்களுக்கு மேல மேல வேலை வந்திருக்கு. மத்தவங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னும் அதுலயே இருந்துச்சு."

அறிக்கையைத் தட்டச்சு செய்துவிட்டு, பிரிவுத் தலைவர் செலஸ்டினை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"இருநூத்திப் பன்னிரண்டுமா?"

"ஆமா சார்."

"இத்தனை நாளா நம்ம கண்ணுல மண்ணைத் தூவியிருக்குதுங்க." பெருமூச்சு விட்டார். "கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாச்சு?"

"இன்னிக்குக் காலைலதான் சார். ஒரு மணி நேரம்."

"அப்படிப் போட்டுடாதீங்கம்மா. அடுத்த தடவையும் ஒரு மணி நேரத்துல முடிக்கச் சொல்லுவாங்க. வழக்கம்போல ஆறு நாள்னு போட்டு, ஆறாம் நாள் அனுப்புங்க."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தவள் திரையைப் பார்த்தாள். 'ஆய்வுக்கு எடுத்த காலம்' என்ற கட்டத்தை அவள் விரல்கள் எப்போதோ நிரப்பியிருந்தன.

ஆறு நாள்.