ஐஸ் கம்பெனியில் எடுத்த பாட்டு

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ராயபுரத்தில் பூட்டிக் கிடந்த அந்த ஐஸ் கம்பெனி வாசலில் சைமா ஆட்டோவை விட்டு இறங்கியபோது, அவளுக்குப் பயமெல்லாம் ஒன்றும் இல்லை. எந்தச் சுவரிலாவது சாய்ந்து பத்து நிமிடம் கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது. விடியற்காலை நான்கு மணியிலிருந்து தண்டையார்பேட்டைக் கிடங்கில் பார்சல் ஒட்டிவிட்டு அப்படியே வந்திருந்தாள். கையில் இன்னும் டேப் பசை ஒட்டிக்கொண்டிருந்தது.

சினிமாப் படிப்பின் மியூசிக் வீடியோ பேப்பரில் ஏற்கெனவே இரண்டு முறை தேறாமல் கோட் அடித்தாயிற்று. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் வீடியோவை அனுப்பித் தேறினால் பட்டம். வடபழனியில் எடிட்டிங் உதவியாளர் வேலை. தேறாவிட்டால் அதே கிடங்கு, அதே டேப். நான்காவது வாய்ப்பைக் கல்லூரி யாருக்கும் தருவதில்லை.

கூட வந்தவர்கள் இரண்டே பேர். கேமரா பிடிக்க நோயல், பாட ஜெரி. கம்பெனியின் காவலாளி கஸ்பார் நோயலுக்குச் சித்தப்பா முறை. அந்த உறவில்தான் இடம் ஓசியில் கிடைத்தது.

கஸ்பார் சாவியைக் கொடுத்தார். ஆனால் உள்ளே வரவில்லை.

"இன்னா பாப்பா எடுக்கப் போறீங்க?"

"பாட்டு, மாமா. மூணு நிமிஷப் பாட்டு."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சவுண்டு கம்மியா வெச்சுக்கோ. இங்க பாட்டு ஆவாது" என்றார். ஏன் என்று கேட்க சைமாவுக்குத் தெம்பில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே உப்பும் துருவும் கலந்த வாடை. நடுவில் நீளமான தொட்டி, அதை மூடிய மரப்பலகைகள். இந்தத் தொட்டியில்தான் ஒரு காலத்தில் உப்புத்தண்ணீருக்குள் அச்சுகளை இறக்கி ஐஸ் கட்டினார்கள். ஆலை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் பலகைமேல் ஏறி நின்றதும் ஜெரி காலைத் தூக்கிக்கொண்டான்.

"சில்லுனு கீது, சைமா. யாரோ தண்ணி ஊத்திகீறாங்க."

"கூரை ஒழுகியிருக்கும். நில்லு."

மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு அது தெரியும். வாதாட நேரம்தான் இல்லை.

திட்டமெல்லாம் பக்காவாக இருந்தது. பன்னிரண்டு வீடியோக்களைப் பிரித்து மேய்ந்து, எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்கங்கள் என்னென்ன என்று அறிக்கை எழுதி வைத்திருந்தாள். கதைப்படத்தில் யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது. பாட்டு வீடியோவில் பாடுகிறவர் நேராகக் கேமராவைப் பார்த்துத்தான் பாட வேண்டும். ஒவ்வொரு பல்லவிக்கும் அவர் முகம் இன்னும் நெருங்கி வர வேண்டும். பாட்டு யாருடையதோ, அவர்தான் கடைசியில் திரை முழுக்க நிற்பார்.

பேராசிரியை செங்கொடி மேடத்துக்குப் பிடித்த மிதப்புக் காட்சியும் உண்டு. அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடுகிறவரும் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு படத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் உதடு பாட்டோடு சரியாக ஒட்டும். உடம்பு மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல மெதுவாக மிதக்கும்.

ஸ்பீக்கரில் பாட்டு எலிக்குஞ்சு மாதிரி கீச்சிட்டது. ஜெரிக்கு அது சரியாகக் கேட்கவில்லை. "சத்தம் வை, சைமா!" என்று கத்தினான்.

கஸ்பார் சொன்னது அவளுக்கு நினைவு வராமல் இல்லை. பொத்தானை அழுத்தி முழுச் சத்தமும் வைத்தாள்.

நான்கு பல்லவி, நான்கு ஷாட். நாலரை மணிக்கு வேலை முடிந்தது.

மறுநாள் மதியம் அவள் வீட்டு மாடி அறையில், நோயல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, லேப்டாப்பில் எடிட்டிங்கை ஆரம்பித்தாள். முதல் பல்லவியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். ஜெரி மிதந்தான். பாட்டில் "மாமு" வரும் இடத்தில் அவன் உதடு இரண்டு முறை மூடித் திறந்தது. உதடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மகரம், பகரம் வரும் இடங்களைத்தான் பார்ப்பார்கள். கச்சிதம். சைமாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"பின்னாடி யாரு?" என்றான் நோயல்.

ஜெரிக்குப் பின்னால், தொட்டியின் கோடியில், ஒரு பெண். இடுப்புக்குக் கீழே பலகை மறைத்தது. தலைமுடி நனைந்து முகத்தோடு அப்பியிருந்தது.

"அங்க யாருமே இல்லியே" என்றான் நோயல் மெதுவாக.

படம் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெரியின் கை இறங்கவே நேரம் பிடித்தது.

அந்தப் பெண் மட்டும் மிதக்கவில்லை.

அவள் சாதாரண வேகத்தில் கையை வீசிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பல்லவியில் பாதித் தொட்டி தாண்டி வந்திருந்தாள். மூன்றாவதில் ஜெரியின் தோளுக்குப் பின்னால். நான்காவதில் அவளும் நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

வாயசைத்தாள். பாட்டுக்கு அல்ல. "மாமு" வரும் இடத்தில் அவள் உதடு மூடவே இல்லை. குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. வாரக்கணக்காக உதடுகளையே பார்த்துப் பழகிய சைமாவுக்கு அதைப் படிக்க இரண்டு நிமிடம் பிடித்தது.

தூக்குங்க. தூக்குங்க. தூக்குங்க.

நோயல் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, பார்த்ததைச் சொன்னான்.

"வியாகுலம்மாள்" என்றார் கஸ்பார். "எங்ககூட வேல செஞ்சவ. அச்சு தூக்குற எடத்துல பலகை வழுக்கி உள்ள வுழுந்துட்டா. நாங்க பத்தடி தள்ளிதான் ஐஸ் ஒடச்சிகினு இருந்தோம். ரேடியோவுல பாட்டு ஓடிச்சி. நல்ல பாட்டாச்சேன்னு நான்தான் சவுண்டு ஏத்துனேன். அவ கத்துனது ஒருத்தனுக்கும் கேக்கல."

"அனுப்பாத, சைமா" என்றான் நோயல்.

மணி நாலே முக்கால். மறுபடி எடுக்க நேரமில்லை, வேறு பாட்டும் இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? படத்தைப் பெரிதாக்கி, ஜெரியை மட்டும் உள்ளே வைத்து, அந்தப் பெண்ணை ஓரத்துக்கு வெளியே தள்ளினாள். தள்ளும்போது அவள் உதடு அசைந்துகொண்டேதான் இருந்தது. சைமாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஐந்து ஐம்பதுக்கு அனுப்பிவிட்டாள். அன்று செத்த பிணம்போலத் தூங்கினாள்.

திங்கட்கிழமை பாரிமுனை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. செங்கொடி மேடம்.

"சைமா, மூணு நிமிஷம் பத்து செகண்டுன்னுதானே எழுதியிருக்கே?"

"ஆமா மேடம்."

"பத்து மணிக்குப் போட்டேன்மா."

சைமா போனில் நேரம் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது.

"அந்தப் பையன் பாடி முடிச்சுப் போயிட்டான்" என்றார் மேடம். வகுப்பில் கணீரென்று கேட்கும் குரல் இப்போது கிசுகிசுத்தது. "அந்தம்மா மட்டும் போகலை. கிட்ட வந்துகிட்டே இருக்காங்க. இப்ப முகம் மட்டும்தான் தெரியுது."

எந்தப் படத்தையும் கடைசி வரை பார்க்காமல் மேடம் மார்க் போடமாட்டார். பாதியில் நிறுத்திய படத்துக்குப் பூஜ்யம். கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்த கறாரான வழக்கம் அது. வடபழனியும் கிடங்கும் சைமாவின் கண்முன் வந்து போயின. நேற்று அந்த உதட்டைப் படித்த பிறகும் அதை வெளியே தள்ளினோமே என்று நினைத்தாள்.

"நிறுத்திடுங்க மேடம்" என்றாள். "எனக்கு மார்க் வேணாம். வருஷம் போனாப் போகட்டும். தயவுசெஞ்சு நிறுத்திடுங்க."

மறுமுனையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மிக அருகில்.

"அப்பவே நிறுத்திட்டேன்மா" என்றார் மேடம். "லேப்டாப்பை மூடி வெச்சு அரை மணி நேரம் ஆகுது."