கூரைமேல் தொட்டி

வெயில் ஏறுமுன்பே தண்ணீர் சூடாக வந்தது. அது றாஹிலாவுக்குப் பிடிக்கவில்லை.

சவூதியிலிருந்து கணவன் ஜவுபர் அனுப்பிய காசில் கட்டிய குளியலறை அது. கூரைமேல் சீமெந்துத் தொட்டி, சுவரில் ஷவர். எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் அந்தத் தெருவுக்கே அதிசயம். அவன் வந்து முதலில் திறக்கட்டும் என்று ஆசை ஆசையாய்ப் பொத்திவைத்து, வீட்டாரைக் கிணற்றிலேயே குளிக்க வைத்தாள். நிரப்பிய தொட்டி மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தது. லீவில் வந்து அவன் திறந்தபோது குழாய் கனைத்தது, செருமியது, பிறகு பாசி வாடையோடு வெண்தூவானமாய்ச் சொரிந்தது. அடுப்பில்லாமலே சுடுதண்ணி என்று சிரித்துக்கொண்டு, தினமும் அதன் கீழ் நெடுநேரம் நின்றான்.

ஒரு கிழமை திரும்பமுன் காய்ச்சல். இருமல். பிதற்றல். ஊர் கண்ணூறு என்றது. உடம்பு கொதித்தபோதெல்லாம் றாஹிலாவே அவனைத் தாங்கிப் போய் ஷவரின் கீழ் உட்காரவைத்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர், அவன் எங்கே குளித்தான் என்று அவளிடம் தனியாகக் கேட்டார். தேங்கிச் சூடேறிய தண்ணீரில் ஒரு கிருமி பெருகுமாம். தூவானத்தோடு மூச்சில் போனால் நெஞ்சைப் பிடிக்குமாம். ஆளுக்கு ஆள் ஒட்டாதாம். அதுதான் என்று காட்டச் சோதனை இங்கே இல்லை என்றார். அன்று அஸர் தொழுகை நேரம் ஜவுபர் மூச்சடங்கி மௌத்தானான்.

றாஹிலா விதவைக்குரிய இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. கிணறோ தெருவோர முற்றத்தில். ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் உள்ளே தரும்படி மாமி றாபியாவிடம் கேட்டாள்.

“என்னத்துக்கு மகள்? என்ட புள்ள ஒனக்கெண்டுதானே இதக் கட்டினான்.”

உங்கள் மகனை இதுதான் கொன்றது, நான்தான் பிடித்து உட்காரவைத்தேன் என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது?

மாமி அவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள். குழாயைத் திருகினாள்.

கனைப்பு. செருமல். அந்த வாடை.

வெதுவெதுப்பு.

றாஹிலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாமியோ மகன் விட்டுப்போன தண்ணீருக்கு முகத்தை நிமிர்த்தி, வாய் திறந்து, விம்மி விம்மி அழுதாள். ஒவ்வொரு விம்மலுக்கும் தூவானம் உள்ளே போனது.

நிறுத்துங்க என்று சொல்ல றாஹிலாவும் வாயைத் திறந்தாள்.