ஓய்வுபெற்ற பெயர்

குச்சவெளியிலிருந்து கரையோரமாக அறிவித்துக்கொண்டு வந்த ஓட்டோ சல்லிக் கிராமத்துக்குள் நுழைந்தபோது, மத்தியானச் சோறு செமிக்கும் முன்னரே வானம் இருட்டிவிட்டிருந்தது. கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி நனையாமல் மேர்வின் பொலித்தீன் சுற்றியிருந்தான். ஓட்டோ அவனுடையது. மைக்கும் தொண்டையும் கிருஷாந்தனுடையவை. அனர்த்த முகாமைத்துவத்தில் வேலை என்றால் ஊரில் மதிப்புத்தான். அதில் முக்கால்வாசி கத்துகிற வேலை என்பது அவன் மனைவி தங்கேஸ்வரிக்கு மட்டும் தெரியும்.

"துலான் புயல் இன்றிரவு கரையைக் கடக்கவுள்ளது. கரையோர மக்கள் உடனடியாகப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லவும்..."

காயவைத்த மீனை அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள். வழக்கமாக ஆளுக்கொரு பகிடி விடுகிறவர்கள். இன்றைக்கு ஒருத்தி ஒலிபெருக்கியைக் கைகாட்டினாள்.

மேர்வின் வேகத்தைக் குறைத்தான். "அண்ணை, புயலின்ரை பேரை மாத்திச் சொல்றியள்."

"துலான் எண்டுதானேடா சொல்றன்."

"உங்கடை வாயிலை துலான்தான் வருது. மேலை வேறை பேர் கேக்குது."

கிருஷாந்தன் தலையை வெளியே நீட்டிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். துலான் புயல்.

நளிரா புயல், என்றது ஒலிபெருக்கி. அவனுடைய குரலில்.

நளிரா என்பது அவன் மகளின் பெயர்.

அவளுக்கு ஏழு வயது. அவள் பிறக்கும் முன் அது ஒரு புயலுக்கு இருந்த பெயர். அந்தப் புயலுக்கும் அறிவித்துத் திரிந்தவன் கிருஷாந்தன்தான். தொண்டை கட்டும்வரை அந்தப் பெயரைக் கத்திவிட்டு அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, ஒரு வகுப்பறையில் தங்கேஸ்வரிக்கு வலி கண்டிருந்தது. வெளியே ஓடுகள் பறந்துகொண்டிருக்க, உள்ளே பிள்ளை பிறந்தது. என்ன பெயர் என்று மருத்துவிச்சி கேட்டாள். வாய்க்குப் பழகிப்போன பெயர் அப்படியே வந்துவிட்டது. பேப்பரில் படத்தோடு செய்தி வந்ததும் மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டுச் சோபனாவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. தோணியைக் கரைக்கு இழுக்கப் போன அவள் புருசனை அதே புயல் கொண்டுபோயிருந்தது. உடலைக்கூடக் கடல் திருப்பித் தரவில்லை.

"தம்பி, மூழ்கின தோணியின்ரை பேரை நாங்கள் வேறை தோணிக்கு வைக்கிறேல்லை. எல்லாரும் மறந்தாத்தான் அது போகும். நீங்கள் ஒவ்வொரு நாளும் கூப்பிடப் போறியள்."

கிருஷாந்தன் சிரித்தான். "அக்கா, எங்கடை கடலிலை ஒருக்கா வைச்ச பேரைத் திரும்ப ஒரு புயலுக்கும் வைக்கமாட்டினம். அந்தப் பேர் பென்சன் எடுத்திட்டுது. இனி அது சும்மா கிடக்கிற பேர்தானே!"

அன்றிலிருந்து அந்தக் குழந்தையைச் சோபனா "பிள்ளை" என்று மட்டுமே கூப்பிட்டாள்.

இப்போது கிருஷாந்தன் மைக்கை நிறுத்தினான்.

ஒலிபெருக்கி நிற்கவில்லை.

"நளிரா..."

இது அறிவிப்பு இல்லை. வேலை முடிந்து வந்து மகளுக்கு மட்டும் பேசுகிற பேச்சு. "வாம்மா... கெதியா வா... அப்பா வந்திட்டன்..."

மேர்வின் பட்டரி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மாதாவே," என்று சிலுவை போட்டுக்கொண்டான். ஒலிபெருக்கி அடங்கியது. ஆனால் குரல் அடங்கவில்லை. அது இப்போது கடற்கரைப் பக்கமிருந்து வந்தது. கருவாட்டு மணத்தையும் மீறிக்கொண்டு, வெயில் படாத அடிக்கடற் சேற்றின் வாடை காற்றில் வந்தது.

"ஓட்டோவை வீட்டுக்கு விடு, மேர்வின்! வீட்டுக்கு விடு!"

தங்கேஸ்வரி வாசலில் பைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவனைக் கண்டதும் அவள் கையிலிருந்த பை நழுவியது.

"பிள்ளை எங்கை?"

"நீங்கள்தானே கடற்கரையிலை நிண்டு கூப்பிட்டனீங்கள்? 'அப்பா கூப்பிடுறார்' எண்டு இப்பதான் ஓடினவள்..."

அவன் ஓடினான். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. சவுக்கு மரங்களைத் தாண்டியதும் கடல் இருக்க வேண்டிய இடத்தில் கடல் இல்லை. வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கறுத்த மணலில் மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன.

மணலில் அவன் மகள் நடந்துகொண்டிருந்தாள். கடலைப் பார்த்து.

கூப்பிட வாயெடுத்தான்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அந்தப் பெயரைச் சொன்னால் திரும்புவது மகளாகத்தான் இருக்குமா? ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி அதை இவ்வளவு கிட்டக் கூட்டிவந்ததே அவன் குரல்தானே. பெற்ற பிள்ளையைக் கூப்பிட வாயில்லாமல் அவன் அழுதுகொண்டே ஓடினான். சேறு காலை இழுத்தது.

"நளிரா..." அவன் குரல் கடலுக்குள்ளிருந்து கொஞ்சியது. "இன்னும் கொஞ்சம் வாம்மா..."

தூரத்தில் தண்ணீர் எழும்பத் தொடங்கியது.

"எடி பிள்ளை!"

கரையில் சோபனா நின்றாள். தலைமயிர் காற்றில் அவிழ்ந்து பறக்க, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "பிள்ளை! இஞ்சை பார், எடி பிள்ளை!"

சிறுமி நின்றாள். திரும்பினாள்.

கிருஷாந்தன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். முதுகுக்குப் பின்னால் எழுந்த இரைச்சலை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சவுக்கு மரங்களுக்குள் விழுந்தபோது அலை வந்து அவன் கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது. தொட்டது தண்ணீர்தான் என்று அவனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

மகள் அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் அங்கைதானே நிண்டனீங்கள்?" என்று கடலைக் காட்டினாள். "கை நீட்டினீங்கள்."

அன்றிரவு துலான் எதிர்பாராமல் வடக்கே திரும்பி வலுவிழந்துபோனது. வானிலை அறிக்கைகள் அதற்குக் காரணம் சொல்லின. கிருஷாந்தன் எதையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மகளின் கையைப் பிடித்தபடி விடியும்வரை இருந்தான். பேப்பரில் படம் வந்த பெருமைக்காகப் பிள்ளையின் தலையில் எதை ஏற்றிவைத்தோம் என்று நினைக்க நினைக்க, தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முத்துமாரியம்மன் கோயிலில் பொங்கிப் படைத்து, பிள்ளைக்கு யசோதரா என்று வேறு பெயர் வைத்தார்கள். பழைய பெயரைக் கனவில்கூடச் சொல்லக்கூடாது என்று தங்கேஸ்வரி வீட்டில் சட்டம் போட்டாள்.

"அப்ப பழைய பேரை ஆர் எடுப்பினம்?" என்று கேட்டாள் பிள்ளை.

"ஒருத்தரும் எடுக்கமாட்டினம், அம்மா," என்றான் கிருஷாந்தன்.

அதன்பிறகு சோபனாவும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். யசோதரா, யசோதரா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காரணமில்லாமல் கூப்பிடுவாள். கேட்கக் கேட்கக் கிருஷாந்தனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பிள்ளைக்குத்தான் புதுப் பெயர் பழகவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் எண்ணெய் விட்டதுபோல அசையாமல் கிடந்தது. கடல் அமைதியாக இருக்கும், மீனவர்கள் பயமின்றிச் செல்லலாம் என்று காலையில் கிருஷாந்தனே அறிவித்துவிட்டு வந்திருந்தான். தங்கேஸ்வரி சோபனாவோடு சந்தைக்குப் போயிருந்தாள். வெயில் முற்றத்தில் கொளுத்தியது. குசினியில் சூடை மீன் பொரித்து இறக்கிய கையோடு, பின்கதவால் எட்டி மகளைக் கூப்பிட்டான்.

"யசோதரா, சாப்பிட வாம்மா!"

"ஓம் அப்பா, வாறன்!"

கடற்கரைப் பக்கமிருந்து மறுமொழி உடனே வந்தது. முதல் தடவையாக, ஒரே கூப்பிடலுக்கு. ஒருவழியாகப் பெயர் பழகிவிட்டது என்று மனம் குளிர்ந்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

மகள் அவனுக்குப் பின்னால் கதிரையில் இருந்தாள். களவாக எடுத்த பொரியல் வாயில் அப்படியே இருந்தது, மெல்லவில்லை. வெளிறிய முகத்தோடு, நானில்லை என்று தலையை மெதுவாக ஆட்டினாள்.

படலை திறபடும் சத்தம் கேட்டது.

ஈரக்கால்கள் முற்றத்து மணலில் நடந்து வந்தன.

"யசோதரா வந்திட்டன், அப்பா," என்றது அவள் குரல், முன்கதவுக்கு வெளியே. "கதவைத் திறவுங்கோ."