பத்து எழுத்துப் பூட்டு

முஸ்தபா நாற்காலியில் உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கைலி மொத்த வியாபாரம் செய்பவர். பெரிய கடைவீதியில் நாளெல்லாம் பேசியே பழகியவர். இன்று எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற மக எங்கூடப் பேசறதில்லைங்க," என்றார் கடைசியில். "நான் செய்யாத காரியத்துக்கு."

துப்பறிவாளர் வெள்ளியங்கிரி ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய மௌனம் அம்புஜத்துக்குப் பழகிவிட்டது. உதவியாளராகச் சேர்ந்த புதிதில், ஆள் தூங்கிவிட்டாரோ என்று மேசையைத் தட்டியவள் அவள். இப்போது பேசாமல் காத்திருந்தாள்.

முஸ்தபா மெல்லச் சொல்லி முடித்தார். மகள் யுஸ்ரா எம்.சி.ஏ. படித்தவள். அவளுக்காகத்தான் இந்த ஆண்டு, 1999 தொடக்கத்தில், வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்கினார். பெங்களூரில் ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை தருவதாக மின்னஞ்சல் அனுப்பியது. போன வெள்ளிக்கிழமை மதியம், அவள் முகவரியிலிருந்தே அந்த நிறுவனத்துக்கு இரண்டு வரி போயிருக்கிறது: சேர விருப்பமில்லை, மன்னிக்கவும். அவர்களுடைய பதில் வந்த பிறகுதான் யுஸ்ராவுக்கே விஷயம் தெரிந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் எடத்தை வெச்சிருக்கறோம்னு சொல்லியிருக்கறாங்க. இவதான், 'சம்மதமில்லைன்னா நேரா சொல்லியிருக்கலாம், திருட்டுத்தனமா எதுக்கு'ன்னு ரூமுக்குள்ள உக்காந்திருக்கறா. பாஸ்வேர்டு எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தானுங்க தெரியும். நான்தான் வெச்சுக் குடுத்தேன். பத்து எழுத்து. எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"என்ன வார்த்தைங்க?" என்றாள் அம்புஜம்.

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா. எங்க தாத்தா காலத்து ரகசியம்."

"அந்நேரம் ஊட்டுல யாரு இருந்தாங்க?" வெள்ளியங்கிரி முதல்முறையாக வாய் திறந்தார்.

"ஜும்ஆ தொழுகைக்குக் குளிக்க நான் வந்திருந்தேன். அப்புறம் என் சம்சாரம். யுஸ்ரா சர்டிபிகேட் வாங்கக் காலேஜுக்குப் போயிருந்தா. பையன் இல்யாஸ் கடையில. ஆனா பாருங்க, அந்நேரம் போனு என் சம்சாரத்துகிட்ட இருந்துச்சு. கோபியில இருக்கற அவ தங்கச்சி இல்மாகூடப் பேசிட்டிருந்தா. இல்யாஸ் கடையிலிருந்து அடிச்சு அடிச்சுப் பாத்து, எங்கேஜுன்னு சலிச்சுப்போட்டான். இருக்கறது ஒரே லைனு. பேசிட்டிருக்கறப்ப நெட்டு எப்படிங்க போகும்?"

"அப்ப வெளியாளுதாஞ் சார்!" அம்புஜம் எழுந்தே விட்டாள். "கனெக்‌ஷன் குடுக்க வந்தவன் பாஸ்வேர்டைப் பாத்து வெச்சிருப்பான்."

"உக்காருங்க அம்மணி. ஊட்டைப் பாத்துப்போட்டுச் சொல்லலாம்."

கோட்டைமேட்டில் குறுகலான மாடி வீடு. கூடத்தில் பாய் விரித்து, முஸ்தபாவின் மனைவி சாஜிதா பேகம் கைலிகளுக்கான விலை அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தாள். எதையும் பார்த்து எழுதவில்லை. பேனா தானாக ஓடியது. பக்கத்தில் இன்னொருத்தி அட்டைகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் இல்மா, கோபியிலிருந்து காலையில் வந்தவள்.

"நல்லாக் கேளுங்க மச்சான்," என்று அவள் முஸ்தபாவைப் பிடித்துக்கொண்டாள். "எங்கூட்டு போனு போன மாச மழையில செத்தது, இன்னும் லைன்மேன் எட்டிப் பாக்கல. ஒரு சேதியும் தெரியாம பஸ் ஏறி வந்தா, இங்க ஆளுக்கொரு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறீங்க. எனக்கு மட்டும் எதுக்கு பிரியாணி ஆக்கறீங்க? நானும் கோவிச்சுக்கறேன்."

அம்புஜம் சிரித்துவிட்டாள். சாஜிதா சிரிக்கவில்லை. தேநீர் கொண்டுவர எழுந்து போனாள்.

உள்ளறையில் யுஸ்ரா கம்ப்யூட்டரைக் காட்டினாள். அனுப்பிய கடிதங்களின் பெட்டியில் அந்த இரண்டு வரியின் நகல் இருந்தது.

"வேற எடத்திலிருந்து அனுப்பியிருந்தா இந்த நகல் இங்க இருக்குமா?" என்றார் வெள்ளியங்கிரி.

"இருக்காதுங்க அங்கிள். இந்த மெஷின்லதான் அடிச்சிருக்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "போன்ல பேசிட்டிருந்தேன்னு அம்மா பொய் சொல்றாங்க. அத்தாவைக் காப்பாத்தத்தான்."

அம்புஜத்துக்கு முஸ்தபாவின் முகம் நினைவுக்கு வந்தது. தன்னைக் காட்டிக்கொடுக்கவா ஒரு மனிதன் துப்பறிவாளரைத் தேடி வருவான்?

கூடத்துக்குத் திரும்பிய வெள்ளியங்கிரி ஓர் அட்டையை எடுத்துத் திருப்பினார். முன்புறம் விலை. பின்புறம் மூன்று ஆங்கில எழுத்துகள்.

"இதென்னங்க?"

"அது அசல் விலைங்க. வாங்க வர்றவங்களுக்குப் புரியக்கூடாதில்லைங்களா? அதனால ஒண்ணுக்கு ஓர் எழுத்து, ரெண்டுக்கு ஓர் எழுத்துன்னு சைபர் வரைக்கும் வெச்சிருக்கறோம். எல்லாம் ஒரே வார்த்தையிலிருந்து..." முஸ்தபாவின் பேச்சு நின்றுவிட்டது.

"பத்து எழுத்து வார்த்தை," என்றார் வெள்ளியங்கிரி.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். யுஸ்ரா மட்டும் தந்தையைப் பார்க்காமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். வெள்ளியங்கிரி அட்டையை மறுபடி திருப்பிப் பார்த்தார். தெருவில் ஒரு பழவண்டி வந்து, கூவி, போய்விட்டது.

"கடை ரகசியத்தையே பூட்டா மாட்டுனீங்க," என்றார் பிறகு. "நல்ல பூட்டுதான். வெளியாள் யாருக்கும் தெரியாது. ஆனா வெள்ளிக்கிழமை வந்தது வெளியாள் இல்லீங்க. மெயில் இங்கிருந்து போயிருக்குது. போனு எங்கேஜா இருந்ததும் நெசம். போன்ல பேசினாலும் எங்கேஜுதான் வரும், நெட்டு ஓடினாலும் எங்கேஜுதான் வரும். கடையிலிருக்கற பையனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"அவ பேசிட்டிருந்தாளேங்க!"

"யாருகூடங்க? போன மாசமே செத்துப்போன போனுகூடவா?"

இல்மா நூலைக் கீழே போட்டாள்.

"வார்த்தை ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு சொன்னீங்க. நீங்க தப்பாச் சொல்லல, மறந்துபோட்டீங்க. அந்தப் பத்து எழுத்தையும் தெனமும் எழுதற கையி..."

"நாந்தான்," என்றாள் சாஜிதா.

மூடாத பேனா இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

"உனக்கு இதெல்லாம் எப்படிடீ..." என்று முஸ்தபா தடுமாறினார்.

"அவ அடிக்கறப்பெல்லாம் பின்னால உக்காந்து தலைக்கு எண்ணெ வெச்சவ நானு. கண்ணு என்ன குருடா? பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன், ரெண்டு வரி எழுதத் தெரியாதா?" மகளிடம் திரும்பியபோது அந்த வீம்பு உடைந்துவிட்டது. "போன வருசம் குண்டு வெடிச்சு ஊரு கெட்டுக் கெடந்தப்ப, காலேஜிலிருந்து நீ வந்து சேர்ற வரைக்கும் ஜன்னக் கம்பியப் புடிச்சிட்டே நின்னேன் கண்ணு. இங்கிருந்து பீளமேட்டுக்கே அப்படின்னா, பெங்களூருன்னா நான் எந்த ஜன்னல்ல நிக்கறது? பழி உங்கத்தா மேல விழும்னு நெனைக்கல. விழுந்தப்பறம் சொல்ல வாய் வரல."

முதலில் அசைந்தது யுஸ்ராதான். தாயின் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி வைத்தாள்.

"வாங்கம்மா. நீங்களே அடிங்க. மறுப்பு தவறா வந்துடுச்சு, திங்கக்கெழம சேர்றேன்னு."

மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. சாஜிதா ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தாள். கண்ணைத் துடைக்க இருமுறை நின்றாள். இல்மா, "மெல்ல அழுங்கக்கா, தண்ணி உள்ள போயி அதுவும் எங்கூட்டு போனாட்டம் ஆயிரப்போவுது," என்றாள். கடிதம் போயிற்று.

"பாஸ்வேர்டை இப்பவே மாத்திப்போடுங்க," என்றார் வெள்ளியங்கிரி. "கடையில, ஊட்டுல நடமாடற எந்த வார்த்தையும் வேண்டாம். ஒருத்தருக்குத்தான் தெரியோணும்."

"எனக்கு அது தெரிய வேண்டாம்," என்று சாஜிதா கூடத்துக்குப் போய்விட்டாள். இல்மாவும் பின்னாலேயே போனாள்.

யுஸ்ரா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முஸ்தபா வெளியே போகவில்லை. போக மனமில்லாதவர் போல, அலமாரிப் பக்கம் திரும்பி, மகளுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். கைலி மொத்த வியாபாரியை அந்தக் கோலத்தில் பார்க்க அம்புஜத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விசைகள் தடதடத்தன. நின்றன.

"அத்தா," என்றாள் யுஸ்ரா. "திரும்பிக்கங்க. முடிஞ்சிருச்சு."